பன்னிரண்டு பேடு வாங்கி ஏழு சேவல் வளர்த்த கதை

கொழும்பு, புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் ஒரு மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். வீடு மட்டக்குளியில். கணவர் கட்டாரில் வேலை. இங்கே நான், அம்மா, பத்து வயது மகள். பின்வளவு என்று சொன்னால் சிரிப்பீர்கள்: ஒரு முருங்கை மரம், ஒரு தண்ணீர்த் தாங்கி, துணி காயப்போடும் கயிறு, அவ்வளவுதான். அந்த இடத்தில் கோழி வளர்க்கப் போய்க் காசையும் விட்டு, அயலவரோடு முகம் முறிந்து, கடைசியில் முட்டைக்கு வந்த ஒரு பேட்டை என் கையாலேயே கொண்டுபோய் வெட்டக் கொடுத்தேன். வாங்குமுன் யாராவது ஒருவர் பத்து நிமிடம் இதைச் சொல்லித் தந்திருந்தால் பாதியாவது மிஞ்சியிருக்கும். கேட்க ஆள் இருக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

2023ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டு முடிந்த கையோடு கோழி ஆசை வந்தது. யாருக்குத்தான் வரவில்லை அப்போது? முட்டை விலை கேட்டாலே பயம். சில நாள் காசு கொடுத்தாலும் கடையில் முட்டை இல்லை. இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்த ஆண்டு அது. மகளுக்குத் தினமும் ஒரு முட்டை கொடுக்க வேண்டும் என்று கணக்குப் போட்டேன். ஐந்தாறு பேடு நின்றால் வீட்டுக்குப் போக மிச்சத்தை அயலுக்கும் விற்கலாம். போனில் விளம்பரம் பார்த்து ஒருவரை அழைத்தேன். “ஒரு மாதக் குஞ்சு, தடுப்பூசி போட்டது, எல்லாம் பேடு, உறுதி” என்றார். ஒன்று 650 ரூபாய். பன்னிரண்டு எடுத்தால் வீட்டுக்கே கொண்டுவந்து தருவாராம். 7,800 ரூபாய். அதற்கு முந்திய கிழமையே தச்சரைப் பிடித்துப் பலகையும் கம்பி வலையும் சேர்த்து 14,000 ரூபாய்க்குக் கூடு அடித்தாயிற்று. கூட்டைப் பார்த்த பிறகு பின்வாங்க மனம் வருமா?

மே மாதத் தொடக்கத்தில் ஒரு பின்னேரம் வான் வந்து நின்றது. காட்போட் பெட்டிக்குள் பன்னிரண்டு குஞ்சுகள். மூன்று வெள்ளை, மூன்று செம்மண் நிறம், மீதி ஆறும் கறுப்பு, சாம்பல், புள்ளி என்று ஊர்க்கோழிக் கலப்பு. “எல்லாம் பேடுதானே அண்ணா?” என்று கேட்டேன். அவர் ஒன்றை இரண்டு காலிலும் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினார். “பாருங்க அக்கா, தலையைத் தூக்கவில்லை. சேவல் என்றால் தூக்கும்.” நானும் பெரிதாக விளங்கியதுபோலத் தலையாட்டினேன். பில் கேட்கவில்லை. கடையில் ஒரு கிலோ செத்தல் மிளகாய்க்குக்கூடப் பில் இல்லாமல் காசு கொடுக்காதவள் நான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். அந்தப் பெட்டிக்குள் இருந்த பன்னிரண்டில் ஆறின் கதை நிறத்திலேயே எழுதியிருந்தது. எனக்குத்தான் வாசிக்கத் தெரியவில்லை. மண்ணிற முட்டை போடும் பண்ணைக் கோழிகளை ஒரு கணக்கோடுதான் கலக்கிறார்கள். தகப்பன் பக்கம் சிவப்பு இனம், தாய் பக்கம் வெள்ளை இறகுள்ள இனம். அந்தச் சோடியில் பிறக்கும் பெண் குஞ்சு தகப்பன் நிறத்தில் செம்மண்ணாகவும், ஆண் குஞ்சு தாயின் நிறத்தில் வெளிர் மஞ்சளாகவும் பொரிக்கும். வளர்ந்தாலும் அப்படியே: செம்மண் பேடு, வெள்ளைச் சேவல். பொரித்த அன்றே நிறம் பார்த்துப் பிரித்துவிடுகிறார்கள். முட்டைப் பண்ணைக்கு ஆண் குஞ்சு தேவையில்லை. இறைச்சிக்கும் கெதியாக எடை போடாது. அப்படி ஒதுக்கிய ஆண் குஞ்சுகள்தான் மலிவாக வெளியே வருகின்றன. திருவிழாக் கடைகளில் இளஞ்சிவப்பும் பச்சையும் சாயம் பூசிப் பிள்ளைகளுக்கு விற்கும் குஞ்சுகளிலும் பெரும்பாலானவை இவைதான். ஆக என்னுடைய மூன்று வெள்ளையும் பொரித்த அன்றே சேவல் என்று தெரிந்தவை. மூன்று செம்மண்ணும் பேடு. தெரிந்தவர் ஒருவர் பெட்டியை எட்டிப் பார்த்திருந்தாலே போதும்.

ஒன்றை மறக்க வேண்டாம். அந்த நிறக் கணக்கு அந்த முதற் கலப்புக்கு மட்டும்தான். அந்தச் செம்மண் பேட்டுக்கு வேறொரு சேவலைச் சேர்த்து அடைக்கு வைத்தால் வரும் குஞ்சுகளுக்கு அது பொருந்தாது. ஊர்க்கோழிக்கும் பொருந்தாது. செட்டை இறகைப் பார்த்துச் சொல்வதும் இப்படித்தான். அதற்கென்றே இணைத்த பண்ணை இனங்களில் ஒரு நாள் குஞ்சின் செட்டை நுனி இறகு நீண்டும் மேல் இறகு குட்டையாகவும் இருந்தால் பேடு, இரண்டும் ஒரே நீளம் என்றால் சேவல். ஓரிரு நாள் கழிந்தால் அதுவும் பயன்படாது. எச்சத் துவாரத்தைத் திறந்து பார்க்கும் முறை ஜப்பானில் 1920களில் கண்டுபிடித்தது. பயிற்சி பெற்றவர் கைக்குத்தான் அது வரும், நாம் முயன்றால் குஞ்சுதான் சாகும்.

மற்றதெல்லாம் கதை. ஒழுங்கையில் எனக்குக் கிடைத்த ஆலோசனைகளை எழுதினால் தனிக் கட்டுரை வரும். நீள முட்டையில் சேவல், உருண்டை முட்டையில் பேடு என்றார் ஒருவர். நூலில் மோதிரம் கட்டிக் குஞ்சுக்கு மேல் பிடி, வட்டமாகச் சுற்றினால் பேடு என்றார் இன்னொருவர். சுற்றியது; என் கை நடுங்கினால் சுற்றத்தானே செய்யும். ஆணா பெண்ணா என்பதை முட்டையின் வடிவம் தீர்மானிப்பதில்லை. பேட்டிடமிருந்து குஞ்சுக்கு எந்தப் பால்நிறமூர்த்தம் (குரோமோசோம்) போகிறது என்பதில்தான் அது இருக்கிறது. மனிதரில் தகப்பன் பக்கம் இருக்கும் அந்த வேலை கோழியில் தாய் பக்கம். இதை அம்மாவுக்குச் சொன்னேன். “கோழிக்காவது நியாயம் கிடைச்சிருக்கு” என்றார்.

முதற் கிழமையிலேயே ஒரு கலப்புக் குஞ்சு இரத்தக் கழிச்சலில் செத்துவிட்டது. மழை ஈரத்தில் தரையில் போட்ட மரத்தூள் நனைந்து கிடந்ததை நான் மாற்றவில்லை. மருந்து வாங்கித் தண்ணீரில் கலந்து கொடுத்ததில் மற்றப் பதினொன்றும் தப்பின. மகள் பெயர் வைக்கத் தொடங்கினாள். வெள்ளை மூன்றும் அப்பம், இடியப்பம், புட்டு. செம்மண் மூன்றில் பெரியது செவ்வந்தி. பெயர் வைக்க விடாதீர்கள் என்று ஒரு அறிவுரை சொல்லலாம். ஆனால் அதை எந்தப் பிள்ளை கேட்கும்?

ஏழெட்டுக் கிழமை வயதில்தான் முதல் சந்தேகம். அப்பத்தின் கொண்டை மட்டும் மற்றவற்றைவிடத் தடித்து, இளஞ்சிவப்பு ஏறி, சொண்டுக்குக் கீழே தாடியும் இரண்டு துளி தொங்கியது. புட்டுக்கும் அப்படியே. கலப்பில் நான்கின் கால்களும் தடித்திருந்தன. நான் செய்த பிழை, எல்லாக் கோழியையும் ஒன்றாக வைத்து ஒப்பிட்டது. ஒரே இனம், ஒரே வயது என்றால் ஆறிலிருந்து எட்டுக் கிழமைக்குள் கொண்டை உண்மையில் உதவும். அந்த வயதில் சிவந்து அகன்ற கொண்டை பெரும்பாலும் சேவல்தான், பேட்டின் கொண்டை மஞ்சளும் வெளிறலுமாகச் சின்னதாகவே இருக்கும். வேறு வேறு இனம் என்றால் அந்த அளவுகோல் முறிந்துவிடும். என் கலப்புகளில் ஒன்றுக்கு அசில் என்ற சண்டைக் கோழி இனத்தின் கலப்புப் போல. கொண்டை தலையோடு அமுங்கிக் கிடந்தது. அதைப் பேடு என்றே பதினைந்து கிழமை வரை நம்பினேன். அது சேவல்.

கிழமைக்கு ஒருமுறை ஒவ்வொன்றையும் ஒரே பக்கமாக நிறுத்திப் போனில் படம் எடுத்திருந்தால் எவ்வளவோ தெளிவாகியிருக்கும். நேற்றுப் பார்த்ததையும் இன்று பார்த்ததையும் கண் ஒப்பிடாது, படம் ஒப்பிடும். கலப்புக் கோழிகளில் நிறம் ஒன்றுபோல இருந்தால் காலில் நிற நூல் கட்டுங்கள். கட்டிவிட்டு மறக்கக் கூடாது. கால் தடிக்கும்போது நூல் இறுகிச் சதைக்குள் போய்விடும். எனக்கு ஒன்று அப்படி ஆகி, கத்தரிக்கோலால் வெட்டி எடுக்க வேண்டி வந்தது.

விற்றவரை அழைத்தேன். “குஞ்சில் எப்படி அக்கா சொல்லுறது, எல்லாம் கடவுள் கையில்” என்றார். விற்கும்போது அவர் கையில் இருந்த உறுதி, காசு வாங்கியதும் கடவுள் கைக்கு மாறிவிட்டது. இரண்டாம் முறை அழைத்தபோது எடுக்கவில்லை. மூன்றாம் முறை இணைப்பே போகவில்லை.

ஜூன் கடைசியில் ஒரு நாள் விடியக்காலை நாலரை மணிக்குப் பழைய கதவுக் கீல் போல ஒரு சத்தம். எழுந்துபோய்ப் பார்த்தால் கூட்டுக்குள் அப்பம் கழுத்தை நீட்டி, கண்ணை மூடி, வாயைத் திறந்து நிற்கிறது. அடுத்த கிழமைக்குள் கீல் சத்தம் போய் ஒழுங்கான கூவல் வந்துவிட்டது. எங்கள் மதிலுக்கு அப்பால் ஒரு சிங்கள அக்கா இருக்கிறார், ஆஸ்பத்திரியில் இரவு வேலை. விடியக் கொஞ்சம் முன் வந்து படுப்பவர். பத்து வருடமாக எங்களுக்குள் ஒரு சின்ன மனக்கசப்புக்கூட வந்ததில்லை. வெசாக்குக்கு அங்கிருந்து இனிப்பு வரும், பொங்கலுக்கு இங்கிருந்து போகும். ஒரு காலை கேட்டடியில் வந்து நின்றார். “நங்கி” (தங்கச்சி) என்று தொடங்கினார், அடுத்த சொல் வரவில்லை. கண் சிவந்து வீங்கியிருந்தது. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஒரு கிழமைக்குள் தீர்க்கிறேன் என்று சொல்லிவிட்டேன். எப்படி என்று தெரியாது.

இருட்டாக இருந்தால் கூவாது என்று யாரோ சொன்னதைக் கேட்டு 2,400 ரூபாய்க்குத் தறப்பாள் வாங்கிக் கூட்டை மூடினேன். காற்றுப் போக இடமில்லாமல் கோழிகள் சொண்டைத் திறந்து இளைத்தனவே தவிர, கூவல் நிற்கவில்லை. நிற்காதாம். ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் 2013இல் ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள்: மாறாத மங்கல் வெளிச்சத்தில் வைத்தாலும் சேவல் உடம்புக்குள் இருக்கும் கடிகாரத்தின்படி கூவிக்கொண்டுதான் இருக்கும். அதே ஆய்வாளர்கள் 2015இல் சொன்னது எனக்கு இன்னும் பொருத்தம். கூட்டத்தில் மற்றவற்றை அடக்கி முதலிடத்தில் நிற்கும் சேவல்தான் முதலில் கூவுமாம். மற்றவை அதன் பின்னால் வரிசைப்படி. தலைவன் கூவுவதற்குக் காத்திருக்கும். இது தெரியாமல் நான் அப்பம் ஒன்றுதான் கூவும் என்று நினைத்து அதை மட்டும் பிரித்துப் பெட்டிக்குள் வைத்தேன். மறுநாள் இடியப்பம் கூவியது. அதற்கடுத்த நாள் சாம்பல் நிறக் கலப்பு ஒன்று. கூவாமல் நிற்பதெல்லாம் பேடு என்று நினைத்துவிடாதீர்கள்.

ஜூலை நடுவில் வெள்ளை மூன்றையும் விற்றேன். ஒன்றுக்கு 600 ரூபாய்தான். தூக்கிப் பார்த்த கடைக்காரர் “இறகுதான் அக்கா, இறைச்சி இல்லை” என்றார். உண்மை. முட்டை இனத்துச் சேவல் தின்னும், உயரும், சதை வைக்காது. மகள் இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. பிறகு ஆடிவேல் திருவிழா வந்தது. அம்மா அந்த நாட்களில் வீட்டில் மச்சம், அதாவது மீன், இறைச்சி, முட்டை எதுவும் சேர்க்க விடமாட்டார். ஆகவே கலப்புச் சேவலை அடிக்கவும் முடியாமல், விற்க ஆளும் தேடியலைந்து, இரண்டை ஆயிரப்படி கொடுத்தேன். அசில் கலப்பை ஹெந்தளையில் வளவுள்ள ஒரு சிநேகிதி சும்மா வாங்கிக்கொண்டாள். மிஞ்சியது ஐந்து. மூன்று செம்மண், ஒரு புள்ளிப் பேடு, ஒரு கறுப்புச் சேவல்.

அம்மா செவ்வந்தியைக் காட்டினார். “பிள்ளை, உதுவும் சேவல். உந்தப் பூவைப் பார்.” கொண்டையைத்தான் பூ என்பார். பார்த்தேன். பதினெட்டுக் கிழமை. மற்ற இரண்டு செம்மண்ணுக்கும் கொண்டை இன்னும் வெளிறிக் கிடக்க, செவ்வந்திக்கு மட்டும் இரத்தச் சிவப்பு. தாடியும் தொங்கியது. அம்மா வட்டுக்கோட்டையில் முப்பது வருடம் கோழி வளர்த்தவர். அங்கே ஊர்க்கோழிப் பேடு ஆறேழு மாதத்தில்தான் முட்டைக்கு வரும். நாலு மாதத்தில் பூ சிவந்தால் அது சேவல்தான். அவர் கணக்கில் பிழையில்லை, கோழிதான் வேறு. பண்ணை இனத்துப் பேடு பதினெட்டு, இருபது கிழமையிலேயே முட்டைக்கு வந்துவிடும். வருவதற்கு ஓரிரு கிழமை முன்னே கொண்டை சிவந்து விரியும். எட்டுக் கிழமையில் சிவந்த கொண்டையும் பதினெட்டுக் கிழமையில் சிவந்த கொண்டையும் ஒன்றல்ல. அன்று அது எனக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. நல்லூர் முருகன் கோயில் திருவிழாக் கொடி ஏற இன்னும் எட்டு நாள். கொடி ஏறினால் இருபத்தைந்து நாள் வீட்டில் மச்சம் இல்லை. “அதுக்குள்ளை இரண்டையும் முடிச்சுவிடு, திரும்பவும் கூவத் தொடங்கினால் மதிலுக்கு அங்காலை முகத்தைப் பார்க்கேலாது” என்றார் அம்மா. சரி என்றேன்.

ஞாயிறு காலை. கறுப்புச் சேவலைப் பிடிக்க நானும் மகளும் தாங்கியைச் சுற்றி இருபது நிமிடம் ஓடினோம். கையில் கீறல். செவ்வந்தியிடம் போனேன். அவள் ஓடவில்லை. முதுகில் கையை வைத்ததும் காலை மடக்கி, இரண்டு செட்டையையும் கொஞ்சம் விரித்து, தரையோடு தரையாகப் பதுங்கினாள். நான் தூக்கும்வரை அசையவில்லை. “பாவம், பழகிவிட்டது” என்று நினைத்துக்கொண்டு சாக்குக்குள் விட்டேன். அந்தப் பதுங்கலின் பொருள் இப்போது தெரியும். முட்டைக்கு வரும் பேடு சேவலுக்கு இடம் கொடுக்கும் முறை அது. சேவல் இல்லாத இடத்தில் மனிதர் கைக்கும் அப்படியே பதுங்கும். இளஞ்சேவல் அதைச் செய்யாது. கொண்டையையும் தாடியையும்விட நிச்சயமான சாட்சி என் உள்ளங்கைக்குக் கீழே இருந்தது.

சந்தியில் உள்ள இறைச்சிக் கடையில் கடைக்கார நானா உள்ளே இருந்தார், பையன்தான் வாங்கினான். அறுத்து உரிக்கப் பதினைந்து நிமிடம் ஆகும் என்றான். மரக்கறி வாங்கிக்கொண்டு திரும்பி வந்தபோது நானா மேசைக்கு முன்னால் நின்றார். “தங்கச்சி, இது ஆர் கொண்டுவந்த கோழி? இது பேடு. முட்டைக்கு வந்த பேடு.” வயிற்றுக்குள்ளிருந்து எடுத்து வைத்திருந்தார். கடுகளவு, மிளகளவு, கடலையளவு என்று கரு கரு கருவாகக் குலை. அதன் ஓரத்தில் முழு மஞ்சள் கரு ஒன்று, நாளையோ மறுநாளோ முட்டையாகியிருக்க வேண்டியது. எனக்குக் காதுக்குள் இரைந்தது. காசை நீட்டினேன், அவர் வாங்கவில்லை.

வாளிக்குள் கைவிட்டு இரண்டு இறகை எடுத்து ஈரத்தை உதறி மேசையில் பக்கம் பக்கமாக வைத்தார். வாலுக்குச் சற்று மேலே, முதுகு முடியும் இடத்து இறகு. ஒன்று கறுப்புச் சேவலுடையது, ஒன்று செவ்வந்தியுடையது. “பூவப் பாக்க வேணாம் தங்கச்சி, முதுகப் பாருங்க.” செவ்வந்தியின் இறகு அகலம், நுனி வட்டம், எங்கள் முற்றத்து முருங்கை இலை போல. சேவலுடையது ஒடுங்கி நீண்டு நுனி கூர்த்து, ஓரம் எண்ணெய் தடவியதுபோல மினுங்கியது, வேப்பிலை. கழுத்து இறகும் அப்படியே, பேட்டுக்கு நுனி மழுங்கியும் சேவலுக்குக் கூராகவும். ஆனால் கழுத்தில் சில பேடுகளுக்கும் கொஞ்சம் ஒடுங்கியிருக்கும். முதுகு இறகு ஏமாற்றாது. பன்னிரண்டு கிழமைக்குப் பிறகு அவை முளைக்கத் தொடங்கும், பதினாறுக்குள் இடுப்பின் இரண்டு பக்கமும் வழிந்து தொங்கும். கோழியைப் பிடித்து மடியில் வைத்து, அந்த இடத்து இறகை விரலால் விரித்து வெயிலில் பார்த்தால் ஒரு நிமிட வேலை. சில்கி போலப் பஞ்சு இறகுள்ள இனங்களுக்கும், பேட்டைப் போலவே இறகு வைக்கும் செப்ரைட் போன்ற அழகுச் சேவல்களுக்கும் மட்டும் இது சரிவராது. மட்டக்குளியில் யாரும் அவற்றை வளர்ப்பதாக நான் காணவில்லை.

செட்டை நிறமும் உதவும். கலப்புக் கோழியில் பேடு பொதுவாக உடம்பு முழுக்க ஒரே சீரான நிறமோ கோலமோ கொண்டிருக்கும். தோளில் திடீரென்று சிவப்போ பொன்னிறமோ திட்டாகத் தெரிந்தால் சேவல் என்று சந்தேகிக்கலாம். என் சாம்பல் நிறத்துக்குப் பத்துக் கிழமையிலேயே தோளில் அந்தத் திட்டு இருந்ததைப் பிறகு பழைய படம் ஒன்றில் பார்த்தேன். காலில் முள்ளைப் பார்ப்பது இளசில் வீண்; சேவலுக்கும் அப்போது வெறும் மொட்டுத்தான், சில பேட்டுக்கும் முள் வரும். நெஞ்சோடு நெஞ்சு மோதிச் சண்டை பிடிப்பதை வைத்தும் சொல்லாதீர்கள். குஞ்சுகளில் பேடும் சேர்ந்தே மோதும்.

அந்த இறைச்சியை நான் சமைக்கவில்லை. இரண்டு கோழியையும் அப்படியே நானாவிடம் விட்டுவிட்டு வந்தேன். மகளிடம் பொய் சொல்ல நினைத்து முடியாமல் உண்மையைச் சொன்னேன். அம்மா குசினிக்குள்ளேயே நின்றார். அன்று மத்தியானம் யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. “கோழிதானே” என்று கணவர் தொலைபேசியில் சொன்னார். நானும் வேறு யாருக்காவது அப்படித்தான் சொல்லியிருப்பேன். இரவில் படுத்தால் உள்ளங்கைக்குக் கீழே அந்தப் பதுங்கல்தான் திரும்பத் திரும்ப வந்தது.

கணக்குக்காரி, கணக்குச் சொல்லாமல் போனால் சரியில்லை. ஏழு சேவலுக்குக் கொடுத்த காசு 4,550 ரூபாய். அவை தின்ற தீன் ஏறக்குறைய 31 கிலோ, கிலோ 200 ரூபாய்ப்படி 6,200. விற்று வந்தது 3,800. தறப்பாள் 2,400. ஆக 9,350 ரூபாய் சுத்த நட்டம். செவ்வந்திக்குக் குஞ்சு விலையும் தீனும் 1,800 ரூபாய்தான். ஆனால் அந்த இனத்துப் பேடு முதல் வருடத்தில் வீட்டு வளர்ப்பிலும் 250 முட்டை வரை போடும். ஐம்பது ரூபாய் என்று வைத்தாலும் 12,500. இதற்கு மேல் ஒன்றரை மாத நித்திரை, மதிலுக்கு அப்பாலும் இப்பாலும்.

இப்போது யாராவது கேட்டால் நான் சொல்வது இதுதான். கொழும்பு போன்ற நெருக்கத்தில் குஞ்சு வாங்க வேண்டாம், நாலு மாதப் பேடாக வாங்குங்கள். விலை இரண்டு மூன்று மடங்கு இருக்கும், இருந்தாலும் மலிவு. குஞ்சுதான் வேண்டும் என்றால் பண்ணை இனத்துச் செம்மண் நிறத்தை மட்டும் எடுங்கள், வெள்ளையைத் தொடாதீர்கள். ஊர்க்கோழிக் கலப்பு என்றால் பாதிக்குப் பாதி சேவல் என்று முதலிலேயே எழுதிவைத்து, அவற்றை எங்கே அனுப்புவது என்பதைக் குஞ்சு வருமுன் தீர்மானித்துவிடுங்கள். சேவல் வந்தால் மாற்றித் தருவேன் என்று ஒரு துண்டில் எழுதி வாங்குங்கள். எழுத மறுப்பவரிடம் வாங்காதீர்கள். முட்டை போடச் சேவல் தேவையா என்று இன்னமும் கேட்கிறார்கள். தேவையில்லை. குஞ்சு பொரிக்கத்தான் வேண்டும். இன்னொன்று, முட்டைக் கோழித் தீனைக் கெதியில் போட்டால் கெதியில் முட்டை வரும் என்று நினைத்து இளசுகளுக்குப் போடாதீர்கள். அதில் சுண்ணாம்புச் சத்து மிக அதிகம், வளரும் கோழியின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

நல்லூர்த் திருவிழா நடுவில் மற்றச் செம்மண் இரண்டில் ஒன்று முதல் முட்டை போட்டது. புறா முட்டையைவிடக் கொஞ்சம் பெரிது, ஓட்டில் இரத்தக் கீறல். வீட்டில் மச்சம் கூடாதே. மகள் அதை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டுபோய் மதிலுக்கு அப்பால் அக்காவிடம் கொடுத்தாள். அடுத்த நாள் கேட்டடியில் பட்டர் கேக் ஒரு தட்டு இருந்தது. புள்ளிப் பேடு ஒக்டோபர் கடைசியில்தான் முட்டைக்கு வந்தது, ஆறரை மாதத்தில், அம்மா சொன்ன ஊர்க் கணக்குப்படி.

போன மாதம் இன்னும் இரண்டு வாங்கலாம் என்று ஹெந்தளைப் பக்கம் போனோம். அம்மாவும் வந்தார். விற்பவர் நாலு மாதக் கோழி ஆறைக் கூட்டிலிருந்து இறக்கி, நல்ல சிவந்த பூவுள்ள இரண்டை முன்னே தள்ளினார். அம்மா குந்தி உட்கார்ந்து, ஒன்றைப் பிடித்து மடியில் வைத்து, வாலுக்கு மேலே இறகை விரித்துக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிட்டார். விற்பவர் சிரித்தார். “அம்மாவுக்குக் கோழி தெரியும் போல.” அம்மா பதில் சொல்லவில்லை. காசை எண்ணிக் கொடுத்துவிட்டு ஓட்டோவுக்குள் ஏறி உட்கார்ந்தார்.